தெரியுமா? பூச்சியின் சிறகுத் தசையில் கால்சியத்துக்கே கதவடைத்த புரதம்!

காதருகே கொசு ரீங்கரிக்கிறதே, அது வாயால் கத்துவதில்லை, சிறகுச் சத்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிறகு ஒரு நொடியில் எத்தனை தடவை அடிக்கிறது தெரியுமா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் பெண் கொசு என்றால் சுமார் 500 தடவை! ஆண் கொசு அதையும் தாண்டிவிடும்!

தேனீ? சுமார் 230. அழுகிய வாழைப்பழத்தை மொய்க்கும் பழ ஈ? சுமார் 200. இத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு வெட்டுக்கிளி அடிப்பது வெறும் 20தான்!

இதெல்லாம் என்ன பிரமாதம்? பின்லாந்தில் ஓலவி சோடவால்டா என்று ஒரு பூச்சியியலாளர் இருந்தார். ஒரு சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அது என்ன சுரம் என்று சொல்லிவிடும் அபூர்வக் காது அவருக்கு. கருவியே இல்லாமல், பூச்சியின் ரீங்காரத்தைக் காதால் கேட்டே சிறகு வேகத்தைக் கணக்கிட்டவர்! ஃபோர்சிபோமையா என்ற கண்ணுக்கே சரியாகத் தட்டுப்படாத குட்டிப் பூச்சியில் அவர் பதிவு செய்தது எவ்வளவு தெரியுமா? நொடிக்கு 1,046! அதோடு விட்டாரா? சிறகைக் கத்தரித்துக் குட்டையாக்கி, சூட்டையும் ஏற்றிப் பார்த்தார். 2,218! இது 1953-இல் வெளியான கணக்கு. நாம் ஒருமுறை கண் சிமிட்டுவதற்கே நொடியில் பத்தில் ஒரு பங்காவது ஆகும். அதற்குள் இருநூறு தடவைக்கு மேல் அடித்து முடித்துவிடுகிறது அந்தப் பூச்சி!

சரி, இப்போது ஒரு சின்னக் கேள்வி. ஒவ்வொரு அடிக்கும் நரம்பு ஒரு கட்டளை அனுப்ப வேண்டாமா?

வேண்டாம்! அதுதான் விசேஷமே. 1949-இல் இங்கிலாந்தின் ஜான் பிரிங்கில் ஈயின் மார்புத் தசையில் மின்துடிப்புகளை அளந்து பார்த்தார். நரம்பின் துடிப்புக்கும் சிறகின் துடிப்புக்கும் ஒத்தே போகவில்லை! பழ ஈயை எடுத்துக்கொள்ளுங்கள். நரம்பிலிருந்து வருவது நொடிக்கு ஐந்து கட்டளைதான். சிறகு அடிப்பதோ இருநூறு! ஒரு கட்டளைக்கு நாற்பது அடி! மீதி முப்பத்தொன்பதை யார் அடிக்கச் சொன்னது?

பதில் தசைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு புரதத்தில் இருக்கிறது. அதன் பெயர் ட்ரோபோனின்-சி. தசையில் கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதுதான் அதன் பிழைப்பே!

தசைக்கும் கால்சியத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? அதைக் கண்டுபிடிக்க உதவியது எது தெரியுமா? லண்டன் குழாய்த் தண்ணீர்! சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர் தவளையின் இதயத்தை உப்புக் கரைசலில் போட்டுத் துடிக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாகவே துடித்தது. பிறகுதான் தெரிந்தது, கரைசலைக் கலக்கியது காய்ச்சி வடித்த நீரில் இல்லை, குழாய் நீரில் என்று! சுத்தமான நீரில் கலக்கியதும் இதயம் மெல்ல ஓய்ந்துவிட்டது! குழாய் நீரில் இருந்த கால்சியம்தான் அதுவரை காப்பாற்றியிருக்கிறது. இது 1883-இல் வெளிவந்தது. மருத்துவமனைகளில் ஏற்றும் 'ரிங்கர் லாக்டேட்' பாட்டிலில் இருப்பது இவர் பெயரேதான்!

சும்மா இருக்கும் தசைச் செல்லுக்குள் எவ்வளவு கால்சியம் மிதக்கிறது தெரியுமா? செல்லுக்கு வெளியே இருப்பதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு! கட்டளை வந்ததும் உள்ளே இருக்கும் சேமிப்புப் பைகள் திறந்துகொள்ளும். கால்சியம் பாயும். ட்ரோபோனின்-சி அதைப் பிடிக்கும். தசை சுருங்கும். பிறகு அத்தனை கால்சியத்தையும் பம்ப் பண்ணி மறுபடி பைக்குள் அடைக்க வேண்டும். நீங்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டியதற்கும் இவ்வளவு வேலை நடந்திருக்கிறது!

இந்த உண்மையைச் சொன்னவர் ஜப்பானின் செத்சுரோ எபாஷி. கேவலம் ஒரு கால்சியம் அயனியா தசையை ஆட்டிவைக்கிறது என்று மேல்நாட்டு விஞ்ஞானிகள் பலர் நம்ப மறுத்தார்கள்! மனிதர் அசரவில்லை. 1965-இல் அயாகோ கொடாமாவுடன் சேர்ந்து ட்ரோபோனினையே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். பின்னால் அது மூன்று துண்டுகளின் கூட்டு என்று தெரிந்தது. அதில் கால்சியத்தைப் பிடிக்கும் துண்டுதான் நம் ட்ரோபோனின்-சி!

புரதத்துக்குக் கை உண்டு, தெரியுமா?

ஒன்றல்ல, நான்கு! வலது கையை நீட்டுங்கள். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் விரித்து, மற்ற விரல்களை மடக்குங்கள். புரதச் சங்கிலியில் இதே அமைப்பை முதலில் பார்த்தவர் ராபர்ட் கிரெட்சிங்கர். 1973-இல், கெண்டை மீனின் தசையில் இருந்த ஒரு புரதத்தில்! விரிந்த இரண்டு விரல்களும் இரண்டு சுருள்கள். மடங்கிய விரல் இருக்கும் இடத்தில் ஒரு வளையம். அந்த வளையத்தில் 12 அமினோ அமிலங்கள். நடுவே ஒரே ஒரு கால்சியம் அயனி. அதை எத்தனை ஆக்ஸிஜன் அணுக்கள் சூழ்ந்து பிடிக்கின்றன தெரியுமா? ஏழு! 'இஎஃப் கை' என்பது இதன் பெயர்.

வளையத்தில் முக்கியமான இடத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினால் போதும், பிடி நழுவிவிடும்! இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுவாரசியமே இதில்தான் வரப்போகிறது.

ட்ரோபோனின்-சியின் முழு உருவத்தை முதலில் பார்த்தது எதில் தெரியுமா? கோழியிலும் வான்கோழியிலும்! இரண்டுமே 1985-இல்! வான்கோழிப் புரதத்தைக் கனடாவில் ஹெர்ஸ்பெர்க்கும் ஜேம்ஸும் படிகமாக்கிப் பார்த்தார்கள். கோழிப் புரதத்தை அமெரிக்காவின் விஸ்கான்சினில் பார்த்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? முத்தையா சுந்தரலிங்கம்! உலகத் தசை ஆராய்ச்சிப் புத்தகங்களில் எல்லாம் இருக்கும் பெயர். நம் பாடப்புத்தகத்தில் இருக்கிறதா? தேடிப் பாருங்கள்!

அவர்கள் கண்ட உருவம் உடற்பயிற்சிக் கூடத்து டம்பெல்லே தான்! இரண்டு முனையிலும் இரண்டு குமிழ்கள், நடுவில் நீண்ட சுருள் தண்டு. ஒவ்வொரு குமிழிலும் இரண்டிரண்டு கைகள். மொத்த நீளம் சுமார் 7.5 நானோமீட்டர். ஒரு லட்சத்து முப்பதாயிரம் டம்பெல்லை வரிசையாகப் படுக்கவைத்தால்தான் ஒரு மில்லிமீட்டரே வரும்!

இன்னொன்று. உலகில் எந்தப் புரதத்தின் வடிவத்தை யார் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று சோதிக்க ஒரு வரைபடத்தில் வைத்துப் பார்த்தே ஆக வேண்டும். அந்த வரைபடம் பிறந்த ஊர் எது தெரியுமா? சென்னை! 1963-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன் மூவரும் போட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' அது. கோழியானாலும் பூச்சியானாலும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும்!

இப்போது கைகளை எண்ணுவோமா?

நம் கை கால் தசைகளில், வேகமாகச் சுருங்கும் வகையில், நான்கு கைகளும் கால்சியம் பிடிக்கும். நான்கு!

நம் இதயத்தில்? முதல் கை செயலிழந்துவிட்டது. மூன்று!

பூச்சியின் சிறகுத் தசையில் எஃப்2 என்று ஒரு வகை இருக்கிறது. அதில் இரண்டு!

அதே தசையில் எஃப்1 என்று இன்னொரு வகை. அதில் ஒன்றே ஒன்று! நான்காவது கை மட்டும்தான் வேலை செய்கிறது. மற்ற மூன்றும் பெயருக்குத்தான் கை! கால்சியத்தைப் பிடிப்பதற்காகவே இருக்கும் புரதம், கால்சியத்தைப் பிடிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகத் தொலைத்துவிட்டு நிற்கிறது! அதுவும் தசையில் அதிகமாக இருப்பது எது தெரியுமா? இந்த எஃப்1தான்!

ஆய்வகத்துக்கும் அம்மிக்கும் போகும் பூச்சி!

இந்த எஃப்1 பிரபலமானது ஒரு ராட்சதப் பூச்சியால். லெத்தோசெரஸ்! நீரில் வாழும் மூட்டைப்பூச்சி இனம். தென் அமெரிக்க வகை 12 சென்டிமீட்டர் வரை வளரும். மீன், தவளை, சமயத்தில் குட்டிப் பாம்பையும் பிடித்து ஊசி மூக்கால் உறிஞ்சிவிடும்! தண்ணீரில் கால் வைத்தவர்களின் விரலைக் கடித்துக் கடித்தே ஆங்கிலத்தில் 'கால்விரல் கடிப்பான்' என்று பேர் வாங்கியிருக்கிறது! நம் நாட்டிலும் ஒரு வகை உண்டு. இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து விழும்.

முட்டைக்குக் காவல் யார் தெரியுமா? அம்மா இல்லை, அப்பா! நீருக்கு மேலே தண்டில் ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்துவிடாமல், தன் உடம்பால் ஈரம் கொண்டுவந்து நனைத்துக்கொண்டே இருக்கும்!

தாய்லாந்துக்காரர்களுக்கு இது மேங் டா. மிளகாயோடு இடித்துத் துவையலாகச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். மணிப்பூரிலும் சாப்பிடுகிறார்கள்! ஆண் பூச்சியின் வாசனைக்குத்தான் அவ்வளவு கிராக்கி.

விஞ்ஞானிகளுக்கு ஏன் இதன் மேல் காதல்? தசை பெரிது. அதோடு இன்னொரு அதிசயமும் உண்டு. இதன் தசை நாரைக் கிளிசரினில் ஊறவைத்துக் குளிரில் போட்டுவிடலாம். பூச்சி செத்து மாதக்கணக்கு ஆகியிருக்கும். நரம்பு கிடையாது, செல்லின் தோல்கூடக் கரைந்து போயிருக்கும். எடுத்து, ஏடிபி என்ற தசை எரிபொருள் கொஞ்சமும் துளி கால்சியமும் கொடுத்து இழுத்துவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? தானாக ஆடத் தொடங்கும்! விரியும், சுருங்கும், விரியும், சுருங்கும்! 1960-களிலேயே இதை அளந்து எழுதிவிட்டார்கள். இந்தக் கட்டுரையில் எனக்கு ஒன்றே ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

செத்த தசை எப்படி ஆடுகிறது? இழுத்தால் சுருங்குகிறது, அவ்வளவுதான்! இதற்கு 'இழுவிசைத் தூண்டல்' என்று பேர்.

பூச்சியின் சிறகை அசைக்கும் பெரிய தசைகள் சிறகில் ஒட்டியிருக்கவே இல்லை என்றால் நம்புவீர்களா? மார்புக்கூட்டின் சுவரில்தான் ஒட்டியிருக்கின்றன! ஒரு கூட்டம் மேலிருந்து கீழாக. அது சுருங்கினால் முதுகு தாழ்ந்து சிறகு மேலே போகும். இன்னொரு கூட்டம் முன்னிருந்து பின்னாக. அது சுருங்கினால் முதுகு புடைத்துச் சிறகு கீழே வரும். மரம் அறுக்கும் இரட்டை ஆள் ரம்பத்தைப் பார்த்திருப்பீர்கள். இந்தப் பக்கத்துக்காரர் இழுத்தால் அந்தப் பக்கத்துக்காரரின் கை நீளும். நீண்டதும் அவர் இழுப்பார். அதேதான் இங்கே! ஒரு தசை சுருங்கினால் மற்றது இழுபடும். இழுபட்டதும் அது சுருங்கும். உடனே முதல் தசை இழுபடும். நரம்பு நடுவில் வர வேண்டிய அவசியமே இல்லை!

எவ்வளவு இழுபட வேண்டும் தெரியுமா? நீளத்தில் 2, 3 சதவீதம்! அந்த மயிரிழை அசைவிலேயே சிறகு முழு வட்டம் போட்டு வந்துவிடுகிறது!

அப்படியானால் கால்சியத்துக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நொடிக்கு ஐந்து கட்டளை வருகிறதே, அது தசைக்குள் கால்சியத்தைக் கொஞ்சம் உயர்த்தி அப்படியே வைத்திருக்கும். 'தயாராக இரு' என்பதோடு அதன் பேச்சு முடிந்தது. 'அடி' என்று சொல்வது இழுவிசை!

2003-இல் லெத்தோசெரஸிலும் பழ ஈயிலும் மலேரியா பரப்பும் அனாஃபிலிஸ் கொசுவிலும் எஃப்1, எஃப்2 இரண்டையும் அடையாளம் கண்டார்கள். மறு வருடமே ஒரு சோதனை! பெலிண்டா புல்லார்டும் சகாக்களும் தசை நாரிலிருந்து ட்ரோபோனின்-சியை உருவிவிட்டு, வேறு ட்ரோபோனின்-சியைச் செருகிப் பார்த்தார்கள். எஃப்2-ஐ மட்டும் செருகினால் தசை சாதாரணத் தசை மாதிரி கால்சியத்துக்குச் சுருங்கியது. இழுத்தால் அசரவில்லை! எஃப்1-ஐச் செருகியதும்? இழுத்தால் சுருங்கும் வித்தை திரும்ப வந்துவிட்டது! ஒரே தசை, இரண்டு சுவிட்ச். ஒன்று கால்சியத்துக்கு, இன்னொன்று இழுப்புக்கு!

பழ ஈயில் எஃப்1-க்கு நிகரான மரபணுவை அடக்கிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஈ உயிரோடு இருக்கும், சிறகும் இருக்கும், பறக்க மட்டும் முடியாது!

எஃப்1-இன் உருவம் 2010-இல் வெளிவந்தது. படிகம் வளர்க்கவில்லை. புரதத்தை நீரில் கரைத்து, பிரம்மாண்ட காந்தத்துக்குள் வைத்து, அணுக்களின் அதிர்வைக் கேட்டு வரைந்தார்கள்! அனலிசா பாஸ்டோரே, புல்லார்டு குழுவினரின் வேலை. என்ன தெரிந்தது?

சாதாரணத் தசையில் கால்சியம் வந்ததும் முன்பக்கக் குமிழ் வாய் திறக்கும். திறந்த வாயால் பக்கத்தில் இருக்கும் ட்ரோபோனின்-ஐ என்ற தடுப்பானைக் கவ்வும். தடை விலகும், தசை சுருங்கும். பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஆனால் எஃப்1-இல்? எவ்வளவு கால்சியத்தைக் கொட்டினாலும் முன்பக்கக் குமிழ் இறுக மூடியே கிடக்கிறது! பின்பக்கக் குமிழ் மட்டும், ஒற்றைக் கால்சியத்தோடு, திறந்து நிற்கிறது! கதவு என்று ஒன்று இருக்கிறது, சாவி என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அந்தக் கதவில் சாவித்துவாரத்தையே அடைத்துவிட்டது பரிணாமம்!

இதனால் பூச்சிக்கு என்ன லாபம்? சேமிப்பு! ஒவ்வொரு அடிக்கும் கால்சியத்தை இறைத்து மறுபடி அள்ளுவது என்றால் தசை முழுக்கப் பைகளும் பம்புகளுமாகவே இருக்க வேண்டும். கட்டளைக்கு ஒரு அடி என்ற பழைய முறையிலும் சாதனையாளர்கள் உண்டு. ஒகனகானா என்ற அமெரிக்கச் சில்வண்டின் ஒலித்தசை நொடிக்கு 550 தடவை, ஒவ்வொன்றும் நரம்பின் கட்டளைப்படி, சுருங்குகிறது! அதற்குக் கொடுக்கும் விலை? பையும், ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் இடத்தை அடைத்துக்கொள்ள, இழுக்கும் இழைக்குக் கொஞ்ச இடமே மிச்சம். தேனீயின் தசைக்கு அந்தச் சங்கடமே இல்லை!

பழ ஈயைப் பறக்கவைக்கும் பெரிய தசை நார்கள் மொத்தம் எத்தனை தெரியுமா? 26! இருபத்தாறே நாரில் ஒரு ஹெலிகாப்டர்!

அந்த நாருக்குள் இழைகள் அடுக்கப்பட்டிருக்கும் நேர்த்தி இருக்கிறதே, அடேங்கப்பா! அறுகோணம் அறுகோணமாக, துளி பிசகு இல்லாமல்! பம்பிள் தேனீயின் ஒரே ஓர் இழைக்கற்றையின் முனையில் எக்ஸ்ரேயைச் செலுத்தினார்கள் ஜப்பானின் இவாமோட்டோ குழுவினர். மறுமுனைவரை ஒரே படிகம் மாதிரி வந்தது பதில்! உயிருள்ள தசையா, உப்புப் படிகமா என்று சந்தேகமே வந்துவிடும்.

அதே இவாமோட்டோ 2013-இல் செய்தது இன்னும் பயங்கரம்! உயிரோடு சிறகடிக்கும் பம்பிள் தேனீக்குள் எக்ஸ்ரே பாய்ச்சி, நொடிக்கு 5,000 படம் எடுத்தார்! இழுபடும் அந்தக் கணத்தில் மயோசின் என்ற இழுக்கும் புரதமே உருவம் மாறுவது தெரிந்தது. ஆனால் 2011-இல் லெத்தோசெரஸை ஆராய்ந்தவர்களோ, சில மயோசின் தலைகள் ட்ரோபோனினையே நேராகப் பிடித்துப் பாலம் போட்டு, தடையை இழுத்து விலக்குகின்றன என்கிறார்கள்! யார் சொல்வது சரி? இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை. என்னைக் கேட்டால் பாலம்தான் அழகு. சாவித்துவாரம் அடைபட்ட கதவைக் கையால் பிடித்து இழுத்துத் திறப்பதுபோல் அல்லவா இருக்கிறது!

சிறகடிக்காமலும் இந்தத் தசை வேலை செய்யும், தெரியுமா? குளிரில் பறக்கக் கிளம்பும் முன், லெத்தோசெரஸ் நின்ற இடத்திலேயே தசையை விறைத்து நடுங்கி, சுமார் 40 டிகிரிக்குச் சூடேற்றிக்கொள்ளும்! ஜப்பானியத் தேனீக்கள் கூட்டுக்குள் நுழைந்த ராட்சதக் குளவியை நூற்றுக்கணக்கில் சூழ்ந்து பந்தாக மூடி, தசையை அதிரவைத்தே 46 டிகிரிக்கு மேல் சூடேற்றிக் கொன்றுவிடும்! கொட்டாமலே கொலை!

வீட்டுத் தோட்டத்துக் கத்தரிப்பூவைக் கிட்டப் போய்ப் பாருங்கள். மகரந்தம் அதன் குழாயின் நுனியில் இருக்கும் ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு வந்து பூவைக் கட்டிப்பிடித்து, சிறகை மடக்கிக்கொண்டு, பறக்கும் தசையை மட்டும் அதிரவைக்கும். 'ஜ்ஜ்ஜ்' என்ற சத்தத்தோடு மகரந்தம் பொலபொலவென்று கொட்டும்! தேனீயால் இந்த வித்தை முடியாது. உங்கள் எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்புக்குப் பின்னால் எஃப்1 நிற்கிறது!

உங்கள் நெஞ்சுக்குள்ளும் இந்தக் கதை கொஞ்சம் உண்டு. ரத்தம் நிரம்பி இதயத் தசை இழுபட்டால், அதுவும் கூடுதல் பலத்தோடு சுருங்கும்! பூச்சி அளவுக்கு இல்லை, ஆனால் உண்டு. நெஞ்சுவலி என்று போனால் 'ட்ரோபோனின்' டெஸ்ட் எழுதுகிறார்களே, அது இந்தக் குடும்பம்தான். ஆனால் அதில் பார்ப்பது ட்ரோபோனின்-ஐ அல்லது டி. ட்ரோபோனின்-சியை ஏன் பார்ப்பதில்லை தெரியுமா? இதயத்தில் இருக்கும் அதே சி, நம் கை காலின் மெதுவான தசைகளிலும் இருக்கிறது. ரத்தத்தில் அது தென்பட்டால் இதயம் பாதிக்கப்பட்டதா, கெண்டைக்காலா என்று சொல்ல முடியாதே!

எஃப்1-ஐ நேரில் பார்க்க ஆசையா? ஒரு பைசா செலவில்லை! 1971-இல் தொடங்கிய 'புரோட்டீன் டேட்டா பேங்க்' என்ற இணையக் களஞ்சியத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட புரத உருவங்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடக்கின்றன. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் போனைக் கொடுங்கள். லெத்தோசெரஸ், ட்ரோபோனின் என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் உருவத்தை விரலால் சுழற்றி, நான்கு கைகளையும் ஒவ்வொன்றாக எண்ணச் சொல்லுங்கள்!